தீர விசாரிப்பது எப்படி? செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக வேலை பார்க்கிறேன். எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். முன்பெல்லாம் ஒரு புத்தக அறிமுகம், அப்புறம் டீ, அப்புறம் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒன்றரை வருடமாக அந்த டீ நேரத்தில்தான் பெரிய பேச்சே நடக்கிறது. யாராவது போனை நீட்டி "சார், இது நிஜமா?" என்பார், பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஓய்வு பெற்றவர்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள், மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள் என்று பலரும் கேட்டதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எழுதிவைத்தேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு தகவல் எந்தப் புத்தகத்தில், எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று தேடிப் போவதுதான் இத்தனை வருடமாக என் வேலை, இப்போது எல்லாருக்கும் தேவைப்படுவதும் அந்த வேலைதான் என்று உண்மையிலேயே நினைக்கிறேன்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்" என்று பெரியவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்களே. ஏஐ வந்து புதிதாக என்ன கெட்டுப்போனது?

அந்தப் பழமொழியில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: தீர விசாரிப்பதே மெய். முதல் இரண்டையும் எல்லாரும் சொல்கிறோம், மூன்றாவதை எப்படிச் செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

முன்பு ஒருவர் பேசாததைப் பேசியது போலக் காட்ட வேண்டுமானால் மிமிக்ரி ஆள் வேண்டும், ஸ்டுடியோ வேண்டும், எடிட்டிங் தெரிந்தவர் வேண்டும். அந்தச் செலவே ஒரு காவலாக இருந்தது. இப்போது அது போய்விட்டது. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டு விழாவில், 2018 ஆகஸ்டில் காலமான கருணாநிதி மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரையில் வந்து அவர் குரலிலேயே வாழ்த்திப் பேசினார். அதே மாதம் 'லால் சலாம்' படத்துப் பாட்டு ஒன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரகுமான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கான ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். இந்த இரண்டிலும் யாரும் ஏமாறவில்லை. அவர்கள் உயிரோடு இல்லை என்பது ஊருக்கே தெரியும், செய்தவர்களும் வெளிப்படையாகச் செய்தார்கள். ஆனால் அதே வேலையை உயிரோடு இருக்கிற ஒருவரை வைத்துச் சொல்லாமல் செய்தால், பார்க்கிற நமக்கு எந்தத் துப்பும் கிடைக்காது.

சாட்ஜிபிடி மாதிரியானவை எங்கேயோ தேடிப் பார்த்துத்தானே பதில் சொல்கின்றன?

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதிலிருந்துதான் மற்ற குழப்பமெல்லாம் வருகிறது. வாசகர் வட்டத்தில் நான் ஒரு விளையாட்டு வைப்பேன். "காக்கை உட்காரப் பனம்பழம்..." என்று நிறுத்துவேன். எல்லாரும் ஒரே குரலில் "விழுந்த கதை" என்பார்கள். "ஆடிப்பட்டம் தேடி..." என்றால் "விதை". யாரும் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டு அடுத்த சொல் நாக்கில் தானாக வந்து நிற்கிறது.

அடுத்து, "நம்ம ஊர் ஏரியை வெட்டிய ஆண்டு..." என்று நிறுத்துவேன். எல்லாரும் சும்மா இருப்பார்கள். அந்த இடத்தில் இயந்திரம் சும்மா இருக்காது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று பழகிய இயந்திரம் அது. "ஆண்டு" என்றதும் நான்கு இலக்க எண் ஒன்று வர வேண்டும் என்பது அதற்குத் தெரியும், பொருத்தமாகத் தோன்றுகிற ஒன்றைப் போட்டுவிடும். 'விதை' என்று சொன்ன அதே குரலில், அதே உறுதியோடு சொல்லும்.

இப்போது சில செயலிகள் இணையத்தில் தேடியும் பதில் தருகின்றன, அடியில் இணைப்பும் கொடுக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் அந்த இணைப்பைத் தொட்டு உள்ளே போய்ப் பார்த்தால்தான் பலன் உண்டு. இணைப்பு இருக்கிற பதில் வேறு, அந்த இணைப்பில் உள்ள பக்கம் அதைத்தான் சொல்கிறது என்பது வேறு. நானே திறந்து பார்த்ததில், பதிலில் இருந்த விஷயம் அந்தப் பக்கத்தில் இல்லாமல் இருந்தது உண்டு.

தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலைக்கலாமே?

டிஎன்பிஎஸ்சி பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். தப்புக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வில் தெரியாத கேள்வியை யாராவது விட்டுவிட்டு வருவார்களா? ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் வருவார்கள். இயந்திரங்களுக்கும் அதே பழக்கம்தான். 2025 செப்டம்பரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்றும் இதைத்தான் சொன்னது: இந்த இயந்திரங்களை மதிப்பிடும் சோதனைகளில் "தெரியாது" என்ற பதிலுக்கு மதிப்பெண் இல்லை, குருட்டாம்போக்கில் சொன்னது சரியானால் மதிப்பெண் உண்டு, அதனால் அவை ஊகிக்கப் பழகுகின்றன.

நம் டிஎன்பிஎஸ்சி 2020-ல் என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏ, பி, சி, டி நான்கோடு ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று 'ஈ' வட்டத்தைச் சேர்த்தது. தெரியாவிட்டால் அதை நிரப்பியே ஆக வேண்டும். இயந்திரத்தோடு பேசும்போது அந்த 'ஈ' வட்டத்தை நாம்தான் போட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. "உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், எங்கே பார்க்கலாம் என்று மட்டும் சொல்" என்று கேள்வியோடு சேர்த்து எழுதினால் கொஞ்சம் அடங்குகிறது. முழுக்க அடங்குவதில்லை.

இல்லாததை உண்டாக்கிச் சொல்லும் என்கிறீர்களே, நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேச்சுப் போட்டிக்காக வந்தாள். தலைப்பு மரம் வளர்ப்பு. போனில் ஒரு செயலியிடம் "மரம் நடுவதைப் பற்றி ஒரு திருக்குறள் சொல்" என்று கேட்டிருக்கிறாள். அழகான இரண்டு வரி, அதிகாரம், குறள் எண், பொழிப்புரை, போதாததற்குப் பரிமேலழகர் என்ன சொல்கிறார் என்று நான்கு வரி விளக்கம், எல்லாம் வந்துவிட்டது. அவள் அதை நோட்டில் எழுதி மனப்பாடமும் செய்துவிட்டாள்.

எனக்கு அந்தக் குறள் ஞாபகம் வரவில்லை. 1330-ம் எனக்கு மனப்பாடம் இல்லை என்பதால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே அவளையே எண்ணச் சொன்னேன். குறள் என்றால் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். விரலை மடக்கி எண்ணினாள். முதல் அடி நான்கு. இரண்டாம் அடியும் நான்கு. மறுபடி எண்ணினாள். அப்புறம் அலமாரியில் இருந்து திருக்குறளை எடுத்து அந்த எண்ணைத் திறந்தாள், அங்கே வேறொரு குறள் இருந்தது. பதினைந்து நாள் ஆசையாக மனப்பாடம் செய்த பிள்ளையின் முகத்தை அந்த நேரத்தில் பார்த்திருக்க வேண்டும், எனக்கே கஷ்டமாகிவிட்டது. பிறகு இருவரும் உட்கார்ந்து 'வான்சிறப்பு' அதிகாரத்தில் இருந்து ஒன்றை எடுத்தோம், அதை வைத்துப் பேசினாள்.

இந்தச் சம்பவத்தில் நான் முக்கியமாக நினைப்பது, அவளிடமே சோதிக்கிற கருவி இருந்தது என்பதை. சீர் பிரிக்க அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை இங்கே பயன்படுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் கேட்டால் தப்பு அதிகமா?

என் அனுபவத்தில் ஆமாம், அதற்குக் காரணமும் இருக்கிறது. இயந்திரம் படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆங்கில விக்கிப்பீடியாவில் 70 லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன, தமிழில் 1.5 லட்சத்துக்கு மேல். இணையம் முழுவதையும் எடுத்தால் தமிழின் பங்கு 1 சதவீதத்துக்கும் வெகு கீழே. கணினிக்குள்ளேயும் ஒரு சிக்கல் உண்டு. இந்த இயந்திரங்கள் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன. கணினி தகவலைச் சேமிக்கும் சிறு அளவுக்கு பைட் என்று பெயர். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும், யூனிகோடில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு 6. ஆங்கிலச் சொல் முழுதாக உள்ளே போகிற இடத்தில் நம் சொல் நறுக்கப்பட்டு உள்ளே போகிறது.

நம் ஊர், கோயில், கலை, சாப்பாடு, சாதிச் சடங்கு, வட்டார வழக்கு இதெல்லாம் இன்னும் பெரும்பாலும் அச்சில்தான் இருக்கிறது, நிறைய விஷயம் அச்சிலும் இல்லை, பாட்டிகளிடம் இருக்கிறது. அது தெரியாத இடத்தை இயந்திரம் வேறு ஊர்க் கதையை வைத்து நிரப்பும். தமிழ் சம்பந்தமாகச் சரிபார்க்க நான் முதலில் போவது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், 1998 முதல் பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவரும் மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளம், சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். எல்லாம் இலவசம்.

"நீ சொன்னது உண்மையா?" என்று அதனிடமே திருப்பிக் கேட்டால்?

2023-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் இதைத்தான் செய்தார். விமானத்தில் சாப்பாட்டு வண்டி முட்டி அடிபட்டதாக ஒரு பயணி ஏவியங்கா நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு. முன்தீர்ப்புகள் வேண்டும் என்று சாட்ஜிபிடியைக் கேட்க, அது வரிசையாகக் கொடுத்தது. சந்தேகம் வந்து "இது உண்மையான வழக்கா?" என்று அதனிடமே கேட்டார். ஆமாம் என்றது, சட்டத் தரவுத்தளங்களிலும் கிடைக்கும் என்றது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். அந்த வழக்குகள் எதுவும் இல்லை. 5,000 டாலர் அபராதம். திருடனிடமே சாவி கொடுத்துச் சரிபார்க்கச் சொன்ன மாதிரி என்று எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார், ஆனால் எனக்கு அது முழுப் பொருத்தமாகத் தோன்றவில்லை, திருடனுக்காவது தான் திருடியது தெரியும்.

ஒரே கேள்வி. எனக்கு ஒரு பதில் சொல்கிறது, என் தோழிக்கு வேறு பதில் சொல்கிறது. எதை நம்புவது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இரண்டு பெண்கள் இதற்காக நூலகத்தில் சத்தம் போட்டே சண்டை போட்டார்கள். தமிழ்நாடு என்று பெயர் மாறியது எப்போது? ஒருத்தி போனில் 1967, இன்னொருத்தி போனில் 1969. பக்கத்து மேசையில் இருந்த பையன் 1956 என்றான்.

மூன்று ஆண்டிலும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த நாள், அப்போதும் பெயர் சென்னை மாநிலம்தான். 1967 ஜூலை 18 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அப்புறம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14 பொங்கலன்று பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆக, "தீர்மானம் எப்போது", "நடைமுறைக்கு வந்தது எப்போது" என்று பிரித்துக் கேட்டிருந்தால் சண்டையே வந்திருக்காது. இயந்திரம் ஒரு நீண்ட கதையை ஒரு எண்ணாகச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது, நாமும் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டு பதில் முரண்பட்டால் எரிச்சல் படாதீர்கள். கேள்வியை உடைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

கை விரல் ஆறு இருந்தால் ஏஐ படம் என்கிறார்கள். வீடியோவில் உதடு ஒட்டவில்லை என்றால் போலி என்கிறார்கள். இப்படிக் கண்டுபிடிக்கலாமா?

2023-ல் ஓரளவுக்குக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த வருடம் மார்ச்சில் போப் பிரான்சிஸ் வெள்ளை நிறப் பெரிய குளிர்கோட்டுப் போட்டு நடந்து வருகிற படம் உலகம் முழுக்கப் பரவியது, மிட்ஜர்னி என்ற படம் வரையும் ஏஐயில் செய்தது, கையைப் பெரிதாக்கிப் பார்த்தால் குளறுபடி தெரிந்தது. இப்போது வருகிற படங்களில் விரல் சரியாகவே இருக்கிறது. இந்த மாதிரி அடையாளங்களை நம்பிப் பழகினால், நாளைக்கு அடையாளம் இல்லாத போலியை "விரல் சரியாக இருக்கிறது, அப்போது நிஜம்தான்" என்று நாமே சான்றிதழ் கொடுத்துவிடுவோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் சமயம். சென்னை பெருங்களத்தூர் பக்கம் ராத்திரியில், மழையில், ஒரு முதலை சாலையைக் குறுக்கே கடந்து போகிற வீடியோ வந்தது. காரில் போன யாரோ எடுத்தது. எனக்கு வந்ததும் போலி என்று முடிவுகட்டி, அனுப்பியவருக்கு அப்படியே பதிலும் போட்டேன். ஏனென்றால் 2015 வெள்ளத்தின்போது கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு வதந்தி கிளம்பி, பண்ணையே மறுப்புத் தெரிவித்தது ஞாபகம் இருந்தது. ஆனால் இந்த முறை உண்மை. அந்தப் பகுதி நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, நீர் பெருகியதால் வெளியே வந்திருக்கிறது என்று வனத்துறைச் செயலாளராக இருந்த சுப்ரியா சாகுவே சொன்னார். நான் அந்த நண்பருக்கு மறுபடி போன் செய்து தப்பு என்னுடையது என்றேன். நம்ப முடியாததாக இருக்கிறது என்பதை வைத்து நான் எடுத்த முடிவு அது. முதலை எப்படி இருந்தது என்று பார்த்தேனே தவிர, வீடியோ எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பாகச் சொல்கிறார் என்று பார்க்கவில்லை.

சரி, அப்போது எப்படித்தான் தீர விசாரிப்பது?

படத்தை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதற்கு வெளியே போங்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஒரு ஆய்வு செய்தார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், ஸ்டான்போர்டு மாணவர்கள் 25 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர். குழந்தை மருத்துவர்கள் பெயரில் உள்ள இரண்டு அமைப்புகளின் தளங்களைக் காட்டினார்கள்: ஒன்று அமெரிக்காவின் பெரிய, பழைய சங்கம், மற்றொன்று கொள்கைத் தகராறில் பிரிந்துபோன சிறு குழு. பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். அழகான வடிவமைப்பு, அடிக்குறிப்பு, மருத்துவர் பட்டம் எல்லாம் பார்த்து நிறைய பேர் ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்களோ கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, வேறு ஜன்னல் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வேகமாகவும் சரியாகவும் கண்டுபிடித்தது அவர்கள்தான். வரன் பார்க்கும்போது நம் வீட்டில் செய்வதுதான் இது, மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வருவோமா, அந்தத் தெருவில் நாலு பேரிடம் விசாரிக்க மாட்டோமா?

நடைமுறையில் நான் செய்வது: வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டு இதே படம் முன்பு எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பேன். பழையதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே மாட்டிவிடும். பிறகு, இவ்வளவு பெரிய சம்பவம் நிஜமாக நடந்திருந்தால் வேறு யார் யார் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசிப்பேன். ஒரு பாலம் இடிந்தால் ஒரே ஒரு யூடியூப் சேனலில் மட்டுமா வரும்? அப்புறம், இது பொய்யென்றால் யார் பெயர் கெடும் என்று பார்ப்பேன். பெயர், முகவரி, திருத்தம் வெளியிடுகிற பழக்கம் உள்ளவருக்கு இழக்க ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி போட்டு 'பலமுறை முன்னனுப்பப்பட்டது' என்று வருவதற்கு யாரும் பொறுப்பு இல்லை.

ஏஐ வீடியோக்களை மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். ஹோலிக்கு ஊருக்குப் போகிற ரயில் கூட்டத்தைக் காட்டி உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். பீகாரில் இருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. நிஜமான வீடியோவுக்குப் பொய்யான தலைப்பு வைத்தாலே இவ்வளவு நடக்கும்.

மகன் குரலில் போன் வந்தது, அவசரமாகப் பணம் கேட்டான். எப்படிச் சந்தேகப்படுவது?

குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2023 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், 3 விநாடிக் குரல் மாதிரி இருந்தால் அந்தக் குரலில் எதையும் பேசவைக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். உங்கள் மகன் போட்ட ஒரு ரீல்ஸ் போதும். முகத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது: 2024-ல் ஹாங்காங்கில் அருப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், மேலதிகாரியும் சக ஊழியர்களும் வீடியோ கூட்டத்தில் பேசியதை நம்பி சுமார் 200 கோடி ரூபாயை அனுப்பினார். கூட்டத்தில் அவரைத் தவிர எல்லாருமே போலி.

போனை வையுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் மருமகளை, நண்பனைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். பழைய வாடகை வீட்டுக்காரர் வளர்த்த நாயின் பெயர் மாதிரி இணையத்தில் எங்கும் இல்லாத ஒன்று. "போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்று சொன்னால் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பிலேயே உங்களைக் கைது செய்ததாக மிரட்டுவார்கள், அப்படி 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

பெரிய டாக்டரே வீடியோவில் மருந்து சொல்கிறார், அதையும் நம்பக்கூடாதா?

எங்கள் வாசகர் ஒருவரின் அம்மா, எழுபது தாண்டியவர், பிரஷர் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. "தம்பி, இந்த டாக்டரே சொல்றாரு பாரு" என்று போனைக் காட்டினார். தெரிந்த முகம்தான், பேச்சும் நல்ல தமிழ். கீழே ஒரு பொடி டப்பாவும் வாங்கச் சொல்லி ஒரு எண்ணும். அந்த மருத்துவரின் சொந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், என் முகத்தை வைத்துப் போலி விளம்பரம் செய்கிறார்கள், நம்பாதீர்கள் என்று அவரே எழுதியிருந்தார். அன்று சாயங்காலமே பிரஷர் பார்த்தோம், நல்ல உயரம். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார்.

மருத்துவம், பணம், சட்டம் இந்த மூன்றிலும் திரையில் பார்த்ததை வைத்து எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்கிற ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியராக இருந்தாலும் சரி.

என்னை நன்றாகப் புரிந்துகொண்டு பேசுகிறதே? வீட்டில் இருப்பவர்களே அப்படிப் பேசுவதில்லை.

இந்தக் கேள்வியை ஒரு கல்லூரிப் பையன் தனியாக வந்து கேட்டான், அதனால் கவனமாகவே பதில் சொல்கிறேன். 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற கணினி நிரலை எழுதினார், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. அது உருவாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டாராம். மனுஷ மனசு அப்படி. நம் பேச்சுக்குப் பதில் பேசுகிற எதையும் நாம் ஒரு ஆளாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

இன்றைய இயந்திரங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு, ஆமாம் சாமி போடுவது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் சாட்ஜிபிடியின் ஒரு பதிப்பு அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று சொல்லி அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. நீங்களே சோதிக்கலாம். "வெந்தயம் சர்க்கரை நோயைக் குணப்படுத்துவது ஏன்?" என்று ஒருமுறை, "வெந்தயம் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, எதிராக என்ன இருக்கிறது?" என்று ஒருமுறை கேளுங்கள். முதல் கேள்வியிலேயே பதிலை நாம் வைத்துவிட்டோம். மனக்கஷ்டத்தை அதனிடம் சொல்லி ஆறுதல் கிடைத்தால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் தப்பு செய்தபோது தப்பு என்று சொல்கிற ஒரு நண்பனையாவது கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

பேசாமல் எதையுமே நம்பாமல் இருந்துவிட்டால் என்ன?

பொய் சொல்கிறவர்களுக்கு அதைவிட வசதி கிடையாது. நிஜமான ஆதாரத்தையும் "அது ஏஐ" என்று தள்ளிவிடலாம் அல்லவா? 2023-ல் கலிபோர்னியாவில் ஒரு விபத்து வழக்கில், எலான் மஸ்க் ஒரு மேடையில் பேசிய பழைய வீடியோவைக் காட்டியபோது, அது டீப்ஃபேக்காகவும், அதாவது ஏஐ செய்த போலி வீடியோவாகவும், இருக்கலாம் என்று டெஸ்லா தரப்பு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். இப்படி விட்டால் பிரபலமானவர்கள் பொதுவெளியில் பேசியதற்கெல்லாம் பொறுப்பே ஏற்க வேண்டாம் என்று ஆகிவிடும் என்று நீதிபதி அதை ஏற்கவில்லை. எல்லாமே பொய் என்று உட்கார்ந்துவிட்டால் காவல் நிலையத்தில் நடந்த அடி, ஆற்றில் விட்ட சாயக் கழிவு, எதற்குமே சாட்சி இல்லாமல் போகும்.

பையன் கட்டுரையை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்க செயலி இருக்கிறதாமே?

நம்பாதீர்கள். ஓபன்ஏஐயே அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளை இந்தக் கருவிகள் ஏஐ எழுதியது என்று அதிகமாகத் தப்பாகச் சொல்கின்றன என்று அதே வருடம் ஸ்டான்போர்டு ஆய்வு ஒன்று காட்டியது. பையனைக் கூப்பிட்டு இரண்டாவது பத்தியில் என்ன எழுதினாய், ஏன் என்று கேளுங்கள். தெரிந்துவிடும்.

அப்படியானால் ஏஐயைத் தொடவே கூடாதா?

நான் தினமும் பயன்படுத்துகிறேன். அரசாணையைச் சாதாரணத் தமிழில் விளக்கச் சொல்வேன், மனு எழுத வருகிறவர்களுக்கு முதல் வரைவு போடுவேன், ஒரு விஷயத்தில் எனக்குத் தோன்றாத கேள்விகள் என்னென்ன என்று கேட்பேன். கையில் மூல ஆவணம் இருந்து, அதோடு ஒப்பிட முடிகிற வேலைக்கு அது அருமையான துணை. மூலமே இல்லாத இடத்தில் அதை மூலமாக வைப்பதில்லை.

குடும்ப குரூப்பில் சித்தப்பா தினமும் பொய்ச் செய்தி போடுகிறார். என்ன செய்வது?

குரூப்பில் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள், அவர் இன்னும் நாலு போடுவார். தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, இது எங்கிருந்து வந்தது, தேடினேன் கிடைக்கவில்லையே" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் அக்கறையில்தான் அனுப்புகிறார், நம் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்று. அந்த அக்கறைக்கு முதலில் மரியாதை கொடுத்துவிட்டு, கூகுள் லென்ஸ் எப்படிப் பார்ப்பது என்று அவர் போனிலேயே காட்டிக்கொடுங்கள். என் மாமா ஒருவர் இப்போது மற்றவர்கள் அனுப்புவதைச் சரிபார்த்து எனக்கு அனுப்புகிறார்.

எனக்கும் ஒரு வீடியோ வந்திருக்கிறது. வாசகர் வட்டத்துக்குக் கொண்டுவரலாமா?

தாராளமாக. உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் கேளுங்கள், இல்லாவிட்டால் நாலு பேராகச் சேர்ந்து ஆரம்பியுங்கள். வீடியோவை அழிக்காமல் கொண்டுவாருங்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது என்று தெரிய வேண்டும். அனுப்பியவர் பெயரைச் சொல்ல வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், போனில் சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் நாம் அதிகமாகப் படிப்போம்.